கொழுப்பு இல்லை

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், வந்துவிட்டேன், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நான். இந்த ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அப்படி என்று பார்த்தாலே தெரிகிறது. எதிரே ஒரு ஆள் பெண்டாட்டியின் முந்தானைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு உளுந்தவடை தின்கிறான், யாரை ஏமாற்றுகிறான், டாக்டரையா, தன் வயிற்றையா, அந்த அம்மாள் வேறு அவன் வாயைத் துடைத்துவிடுகிறாள், இரண்டு பேருக்கும் வெட்கமில்லை. சுவரில் ஒரு படம். கல்லீரலுக்குக் கண்ணும் வாயும் வரைந்து அதைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இன்னொரு கல்லீரல் மஞ்சளாக அழுகிறது, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நமக்குச் சொல்கிறார்கள், இந்தக் கூட்டத்துக்கு அதுவே அதிகம். என் பக்கத்தில் அக்கா. பாக்கியத்தாய் என்று பெயர் வைத்தார்கள், பாக்கியத்துக்குக் குறைச்சலே இல்லை, வேளாவேளைக்குத் தின்றாள், சிரித்தாள், தூங்கினாள், இப்போது ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போய், வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, புடவை நிற்காமல் நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு நாற்காலியை அடைத்து உட்கார்ந்திருக்கிறாள். மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற வரிசையில் பேர் கொடுத்தாயிற்று, அந்த வரிசை இவள் இருக்கிறவரை நகருமா என்று அவருக்கே சந்தேகம். இல்லாவிட்டால் ரத்த உறவு யாராவது தன் ஈரலில் ஒரு பாதியை வெட்டிக் கொடுக்க வேண்டும், கொடுத்தவருக்கு மறுபடி வளர்ந்துவிடுமாம். இவள் மகன் பிரசன்னாதான் முதலில் மார்தட்டிக்கொண்டு வந்தான், தொண்ணூற்றெட்டுக் கிலோ, உன் ஈரலே கொழுப்பில் மிதக்கிறது தம்பி, முதலில் உன்னைப் பார்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. வெயிலுகந்தாள், நாற்பத்தொன்பது வயது, நாற்பத்தெட்டுக் கிலோ, மின்வாரிய அலுவலகத்தில் மேற்பார்வையாளர், வாழ்நாளில் ஒரு குளிர்பானம் குடித்தவளில்லை.

நான் தருகிறேன் என்று சொன்னபோது அத்தான் எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இருபத்தேழு வருஷமாக என்னைக் கண்டாலே பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிற மனுஷர். பிரசன்னா சித்தி சித்தி என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், மூக்கைத் துடைத்த கையால் பிடித்தான், சகித்துக்கொண்டேன். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொன்னால், இனித்தது. என் ஈரல் இவள் வயிற்றுக்குள் போய் உட்காரப் போகிறது, அப்புறம் இவள் ஒரு லட்டுக்குக் கை நீட்டினால் நான் கேட்பேன், யார் வீட்டு ஈரல் என்று நினைத்தாய், என்னுடையது, கீழே வை. சாகும்வரை கேட்பேன். அதற்குள் போய்விடக் கூடாது இவள், அது வேறு பயம், காலையில் இவள் கை முட்டியில் கைவைத்துப் பார்த்தேன், எலும்புதான் இருக்கிறது, வயிறு மட்டும் வண்டியாக நிற்கிறது, இந்த முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது, திட்டுவதற்கென்று எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான். சின்ன வயதில் இவளை எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள், என்னைக் கொழுப்பெடுத்த கழுதை என்பார்கள். உடம்பில் இருந்தால் அழகு, வாயில் இருந்தால் திமிர், ஒரே கொழுப்புத்தான், இடத்தைப் பொறுத்து மரியாதை. ஆபீஸில் இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் அந்தம்மாவுக்குக் கொழுப்பு என்றுதான் பேசுகிறார்கள், என் காதில் விழவேண்டும் என்றே பேசுகிறார்கள். பேசட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மெஷின் வைத்துப் பார்த்து எழுதித் தரப் போகிறார்கள், கொழுப்பு இல்லை என்று, அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

எப்படி இருக்கும் கொழுப்பு, நான் என்ன இவர்களைப்போலவா. அக்கா சுகர் முந்நூறைத் தாண்டினபோதும் பரோட்டாவுக்கு மைதா பிசைந்தவள், டீயில் மூன்று கரண்டி வெள்ளைச் சீனி போட்டுக் கலக்கினவள், வெள்ளைச் சீனி விஷம்டி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், விஷத்தையும் ஒரு வாய் தின்னு பாக்கலாம்டி என்று சிரிப்பாள். என் வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. பத்து வருஷமாகிறது. கருப்பட்டிக் காப்பிதான், காலையில் இரண்டு, ஆபீஸுக்கு ஃபிளாஸ்கில் நாலு தம்ளர், சாயங்காலம் ஒன்று. பாயசம் என்றால் நாட்டுச் சர்க்கரை, தினை உருண்டை என்றால் தேன், பசித்தால் பேரீச்சம்பழம். ஆபீஸில் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்களுக்கு நடுவில் நான் என் டப்பாவைத் திறந்து தினை உருண்டையை எடுக்கும்போது ஒருத்தருக்காவது வெட்கம் வரவேண்டுமே, வராது. எனக்கும் சுகர் இருக்கிறது என்று போன வருஷம் ஒரு பொடிப்பயல் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தான். அது சுகர் இல்லை, பார்டர். பார்டரில் இருக்கிறதற்கெல்லாம் மாத்திரை போட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாதா, இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன், கீழாநெல்லியை அரைத்துக் குடித்தேன், அக்கா மாதிரி கைநிறைய மாத்திரையை விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பிரஷரும் அப்படித்தான், பார்டர். எடை ஏறினதே இல்லை. வயிறு மட்டும் இந்த நாலைந்து வருஷமாகக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, மாதவிலக்கு நின்றபிறகு எல்லாருக்கும் வருவதுதான், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவளுக்கு வராமல் என்ன செய்யும், புடவைக்குள் தெரியாது.

போன வாரம் இங்கே ஒரு பெண் உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்டாள், உதட்டுச் சாயமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, சின்னப் பெண். சுகர் இருக்கா மேடம், பிரஷர் இருக்கா, தைராய்டு, மாதவிலக்கு நின்னுருச்சா, நடப்பீங்களா, இனிப்பு சாப்பிடுவீங்களா. சீனியே தொடமாட்டேன் என்றேன். பொய்யா சொன்னேன், தொடுவதில்லையே. சுகர் பார்டர் என்றேன், மாத்திரை எதுவும் போடுவதில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், ஈரல் சம்பந்தமான எண்ணெல்லாம் நார்மல், தட்டணு, பிளேட்லெட்டு, அது மட்டும் கொஞ்சம் கம்மி மேடம் என்றாள், போன வருஷம் வந்த காய்ச்சலில் குறைந்தது என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு என்ன தெரியும். கடைசியாகக் கேட்டாள், அப்பா எப்படி இறந்தாங்க மேடம். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குடி என்றேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். வெயிலா, ஏண்டி, என்றாள், அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முன்னால் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் இந்த ஒரு வாரமாக அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எடுத்தால் நான் ஈரல் தரமாட்டேன் என்று பயந்திருப்பாள்.

அப்பாவைப்பற்றிப் பேசினால் மட்டும் இவளுக்குக் கோபம் வரும். குடிக்க மாட்டாருடி அப்பா. இதையே நூறு தடவை சொல்லியிருப்பாள். கட்டிக்கொடுத்து வெளியூர் போனவளுக்கு என்ன, சொல்வாள், பக்கத்தில் இருந்து வாந்தியை அள்ளினவள் நான். சோலையப்பன் மிட்டாய்க்கடை என்றால் சாத்தூர்ப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது, கருப்பட்டி மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது அவர் யாரையும் கிட்டே விடமாட்டார், இரண்டு விரலால் தொட்டுப் பதம் பார்ப்பார், விரலை நக்குவார், இன்னும் ஒரு கொதி என்பார், மறுபடி தொடுவார், மறுபடி நக்குவார், நாள் முழுக்க அதுதான் வேலை, மதியம் சோறுகூடச் சரியாகத் தின்னமாட்டார். ஐம்பது வயதில் கண் மஞ்சளானது. கால் வீங்கியது, வயிறு ஏறியது, ஒருநாள் கடையில் வைத்தே ரத்தமாகக் கக்கினார், அடுப்புப் பக்கம் போய்க் கக்கிவிட்டார், அந்தப் பாகு முழுவதையும் கொட்டவேண்டியதாயிற்று. பெரிய டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர் என்று கேட்டார். நான் குடிக்கிறது கிடையாது சார் என்றார் அப்பா. எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்துபோச்சாம் சோலையப்பனுக்கு. ஈரல் வெந்துபோச்சு, எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேறு எதனால் ஒருத்தனுக்கு ஈரல் வேகும். அம்மா தேடினாள். முதலில் அலமாரியில், அப்புறம் பரணில், அப்புறம் கடையில், வந்து இறங்கின கருப்பட்டிச் சிப்பங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓலையை உதறி உதறித் தேடினாள், ஒரு பாட்டில் கிடைக்கவில்லை. அம்மா அதனால் நம்பினாளா, இல்லை, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறார் பார் என்று அழுதாள். நானும் அதைத்தான் நினைத்தேன். வாயில் வாடையே வந்ததில்லையே என்று அக்கா சொல்வாள், வராது, நாள் முழுக்க ஏலக்காய் மெல்லுகிறவர் வாயில் எப்படி வரும். ஒருநாள்கூடத் தள்ளாடினதில்லையே என்பாள், பழக்கப்பட்ட குடிகாரன் தள்ளாடமாட்டான். செய்கிறதையும் செய்துவிட்டு, சாகிற அன்றைக்கும் என் கையைப் பிடித்து, நீயாவது நம்புறியா வெயிலா என்று கேட்டார், கேட்க எப்படி வாய் வந்தது, நான் கையை உருவிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன். அருப்புக்கோட்டைக்காரர்கள் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் எனக்கு. ஈரல் வெந்து செத்த ஆளோட மகளாமே என்று சொல்லி அனுப்பி, கொடுத்த தேங்காய்ப் பழத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வந்தவர்களும் விசாரித்தார்கள், அவர்களும் போனார்கள், அப்புறம் வருவதை நானே நிறுத்தினேன். அந்த மாப்பிள்ளையை ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன், வழுக்கை, தொப்பை, வாயில் பாக்கு, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அப்பா படம் என் வீட்டில் கிடையாது. அக்கா வீட்டில் மாலை போட்டுத் தொங்குகிறது, சந்தனப் பொட்டும் பக்கத்தில் ஊதுபத்தியும், குடிகாரனுக்குப் பூஜை.

“வெயில்... வெயிலு... உகந்... மேடம் யாரு?”

ஸ்கேன் எடுக்கிற பெண் கதவில் நின்றாள், பெயரைப் படிக்கத் தெரியவில்லை, ஈரலைப் படிக்கப் போகிறாள். எழுந்தேன். அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள், “பயமா இருந்தா சொல்லிருடி, வேணாம்னு சொல்லிருவோம்,” என்றாள், கண்ணெல்லாம் மஞ்சள், அதில் தண்ணீர் வேறு. “நான் என்ன ஒம் மகனா, பயந்து ஓட?” என்று தலைப்பை உருவிக்கொண்டு உள்ளே போனேன். ஏ.சி. குளிர். கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள், வலது கையைத் தலைக்குமேல் தூக்கி வைக்கச் சொன்னாள், ஜாக்கெட்டை ஏற்றச் சொன்னாள், விலாவில் பசைபோல எதையோ தடவினாள், ஐஸ். நல்லாத்தான் இருக்கீங்க மேடம், ஒல்லியா, சீக்கிரம் முடிஞ்சிரும் என்றாள், நான் என்ன மாட்டுச்சந்தைக்கா வந்திருக்கிறேன். விலா எலும்புக்கு நடுவில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினாள், அது டொக் என்று ஒரு தட்டுத் தட்டியது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டுவது மாதிரி. டொக். டொக். இருக்கிறேன், தட்டு. இருபத்துமூன்று வயதில் அருப்புக்கோட்டைக்காரர்கள் தட்டாமல் போன கதவு, இதை இவள் தட்டுகிறாள், தட்டு. இவள் எத்தனை ஈரலைப் பார்த்திருப்பாள் ஒரு நாளைக்கு, எல்லாம் வடை தின்கிற ஈரல், பாட்டில் குடிக்கிற ஈரல், இன்றைக்காவது ஒரு சுத்தமான ஈரலைப் பார்க்கட்டும். “கொழுப்பு எவ்வளவும்மா இருக்கு?” என்று கேட்டேன். திரையைப் பார்த்துவிட்டு, “கொழுப்பு இல்ல மேடம், நார்மல்தான்,” என்றாள். கேட்டீர்களா. கொழுப்பு இல்லை. அம்மா, ஆபீஸ், அத்தான், எல்லாரும் வரிசையில் வந்து நின்று கேட்டுக்கொள்ளுங்கள், வெயிலுகந்தாளுக்குக் கொழுப்பு இல்லை, மெஷினே சொல்லிவிட்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரிக்காதீங்க மேடம், ஆடக் கூடாது என்றாள்.

டொக். முடிந்திருக்க வேண்டும், இவள் முடிக்கவில்லை. இடத்தை மாற்றி வைத்தாள். டொக். டொக். பேச்சை நிறுத்திவிட்டாள், அதுவரை தொணதொணவென்று பேசினவள். துடைத்தாள், மறுபடி பசை, மறுபடி முதலிலிருந்து. என்னம்மா, மெஷின் ரிப்பேரா என்றேன். “எப்ப சாப்பிட்டீங்க மேடம்?” சாப்பிடவில்லை. “காப்பி, ஜூஸ் ஏதாவது?” தண்ணிகூடக் குடிக்கவில்லை என்கிறேன் இல்லையா, வெளியே ஒருத்தன் வடை தின்கிறானே அவனைப் போய்க் கேள் என்றேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் கோபப்படாதவர்கள் ஏதோ ஒளிக்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “தப்பா நினைக்காதீங்க மேடம், கேட்டாகணும்... ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டா?” என் வலது கை தலைக்குமேல் இருந்தது, இல்லாவிட்டால் ஒரு அறை விட்டிருப்பேன். என்னை. என்னைப் பார்த்து. “கிடையாது,” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்புகிற ஆட்டல் இல்லை அது, சரி சரி என்கிற ஆட்டல், எல்லாரும் இதைத்தான் சொல்கிறீர்கள் என்கிற ஆட்டல், அந்த ஆட்டலை நான் எங்கே பார்த்திருக்கிறேன். “நான் குடிக்கிறது கிடையாது,” என்று மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன், சொன்னபிறகு அந்தக் குரல் என்னுடையதாக இல்லை. சார் வரட்டும் மேடம் என்று வெளியே போனாள். நான் விலாவில் பசையோடு, தலைக்குமேல் கையோடு, அந்த அறையின் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும், நரைத்த தலை, அவரும் வயிறு வைத்திருந்தார். திரையைப் பார்த்தார், என் பழைய ரிசல்ட்டையெல்லாம் புரட்டினார், எழுந்து உட்காரச் சொன்னார். நீங்க குடுக்க முடியாதும்மா என்றார் முதலில், அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு மட்டும் அவரை மதிக்கிறேன். கொழுப்பு இல்லைன்னாங்களே என்றேன். “இல்லைதான். அதுதான் எனக்குப் பயம். இந்த மெஷின் ரெண்டு விஷயம் பாக்கும்மா, ஒண்ணு கொழுப்பு, ஒண்ணு ஈரலோட விறைப்பு. விறைப்பு ஆறு ஏழுக்குள்ள இருக்கணும், உங்களுக்குப் பதினேழுக்கு மேல இருக்கு. தழும்பு. முன்னாடி கொழுப்பு இருந்திருக்கும், வருஷக்கணக்கா. தழும்பு ஏற ஏறக் கொழுப்பு தானா கரைஞ்சு போயிரும், தழும்பு மட்டும் நிக்கும்.” ஒல்லியாக இருக்கிறேனே என்றேன். ஒல்லியா இருந்தாலும் வரும் என்றார். ரத்தத்தில் எல்லாம் நார்மல் என்றார்களே. நார்மலா இருந்துகிட்டே ஏறும், அந்தத் தட்டணு கம்மியா இருக்கே, அது ஒரு சாடை. அக்காவுக்கு வந்ததுதானா. அதேதான், நீங்க அவங்களுக்குக் கொஞ்சம் கீழ்ப்படியில நிக்கிறீங்க, எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி பண்ணணும், ஆனா இப்பப் பார்த்துக்கிட்டா நிறுத்தலாம். அப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன், சுகர் மாத்திரை ஏன் நிறுத்தினீர்கள், ஈரலுக்குக் கெடுதல் என்று நிறுத்தினேன், அவர் கண்ணை மூடித் திறந்தார். “ஈரலைக் கெடுக்கிறது சுகர்தாம்மா. சுகர் இருக்கிறவங்களுக்குத்தான் இந்தத் தழும்பு வேகமா ஏறும், வயசு, பிரஷர், மாதவிலக்கு நின்னது எல்லாம் சேர்ந்துக்கும். பார்டர்னு ஒண்ணு கிடையாது.” இனிப்பு? சீனி தொடமாட்டேன், கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை. எவ்வளவு? சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு என்று எனக்கே கேட்டது. “ஈரலுக்குக் கலர் தெரியாதும்மா,” என்றார். பத்து வருஷமாக ஒரு ஆபீஸ் முழுவதையும் இளக்காரமாகப் பார்த்தேனே, அந்த டப்பாவைத் திறந்து. “குடும்பத்துலயே ஓடுதுபோல. அக்கா, அவங்க மகன், நீங்க. அப்பா அம்மாவுல யாருக்காவது?” என்று கேட்டுவிட்டு, புரட்டிப் பார்த்து, “அப்பா... குடின்னு போட்டிருக்கு. நிறையக் குடிப்பாரா?” என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “நீங்க பாத்திருக்கீங்களா?” இல்லை. “யாராவது பாத்தாங்களா?” இல்லை. டாக்டர் காகிதங்களை மூடி வைத்தார், இவ்வளவு வருஷம் கழித்து அதைச் சொல்ல முடியாதும்மா, அப்ப இதுக்குப் பேரே கிடையாது, குடிக்காதவனுக்கு ஈரல் கெட்டா யாரும் நம்ப மாட்டாங்க என்றார். நான் ஜாக்கெட்டை இறக்கிவிட்டுக்கொண்டேன். பசை ஒட்டியது.

வெளியே அக்கா அதே இரண்டு நாற்காலியில் இருந்தாள். வடைக்காரன் போய்விட்டான், நல்லவேளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிறு விடவில்லை, நானே போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது. நான் தருகிறேன் என்று சொன்ன வாயால் எதைச் சொல்வது. இவள் இன்னும் எத்தனை மாதம் இருப்பாளோ, அது என் விலா எலும்புக்குள் இருக்கிறது என்று நான் இறுமாந்திருந்தேன், என்னைப்போல ஒரு முட்டாள் இந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கு வரவில்லை, அந்த வடைக்காரனுக்காவது தான் என்ன தின்கிறோம் என்று தெரியும். “என்னடி, வலிச்சுதா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள்.

“எடுக்க மாட்டாங்களாம்.”

“ஏன்? ஒனக்கென்ன?”

“தழும்பாம். எனக்கும். ஒனக்கு வந்ததேதான். ஈரல்...” அப்பாவுக்கு ஊர் சொன்ன வார்த்தைதான் வாயில் வந்தது. “ஈரல் வெந்துபோச்சாம்.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஈரல் கிடைக்காது என்று அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழுதால் அழட்டும், என்னைத் திட்டினாலும் திட்டட்டும். அவள் கையை என் தோளில் போட்டாள், வீங்கின விரல்கள், இழுத்தாள், அவள் உடம்பிலிருந்து மருந்து வாடை. அவள் வாய் கோணியது. பார்த்தால் சிரிக்கிறாள், சத்தம் வராமல், அந்த வயிறு குலுங்கக் குலுங்க, மஞ்சள் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுக.

“ஏண்டி வெயிலா,” என்றாள், “நீ எப்படி குடிக்க ஆரம்பிச்ச?”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது வரிசையில் இருந்த எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்றால் இல்லை. ஏலக்காய் மென்ற வாய். தள்ளாடாத கால். நீயாவது நம்புறியா வெயிலா. நான் உருவிக்கொண்ட கை. பாத்திரமா கழுவினேன் அன்றைக்கு, கழுவ என்ன பாத்திரம் இருந்தது.

“ஒன் வீட்டையும் அம்மா மாதிரி பெரட்டிப் போட்டுத் தேடணும்போல,” என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. “பாட்டில் எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?”

“தேடு,” என்றேன். “கருப்பட்டிதான் கிடைக்கும்.”

“அம்மாவுக்கும் அதுதானடி கெடைச்சுது,” என்றாள்.